வேம்பு ஏறாத மலை

காலை எட்டு மணிக்கே வெயிலில் கூரைத் தகரம் படபடக்கத் தொடங்கியது. குளிர் மலையூரான பூம்பாறையில் பிறந்து வளர்ந்த வேல்ராஜ் அந்தச் சத்தத்தை மத்தியானத்தில்கூடக் கேட்டதில்லை.

அவன் வீட்டுக்குள் இல்லை. வீட்டை ஒட்டியிருந்த பூண்டுக் கொட்டகையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்குள் மார்பிலும் முதுகிலும் கடுகு தூவினாற்போல் சிவப்பாகப் பொரிந்திருந்தது. சுருக் சுருக்கென்று குத்தியது. சொறியக் கூடாது. குளிக்கக் கூடாது. வந்திருப்பது இன்னதென்று பெயர்கூடச் சொல்லக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் சின்னம்மாதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆத்தா வந்திருக்காடா. காத்துப் படாம ஒரு எடத்துல கெட. வாசல்ல வேப்பிலையச் சொருகு."

வேப்பிலைக்கு எங்கே போவது? இந்த உயரத்துக்கு வேம்பு ஏறி வந்ததில்லை. காய்கறி வண்டி ஓட்டும் செல்வமுருகனிடம் சொல்லி, கீழேயிருந்து ஒரு கொத்துக்கு ஏற்பாடு செய்திருந்தான்.

அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. மனைவி மகாதேவி அன்றைக்குத்தான் வருவதாக இருந்தது. தலைப்பிரசவத்துக்கு வத்தலக்குண்டில் தாய் வீட்டுக்குப் போனவள், மூன்று மாதக் குழந்தையோடு. கீழே அனல் பொறுக்க முடியவில்லை என்று அவள் போனில் சொல்லும்போதெல்லாம், "இங்க வந்துரு. எங்க ஊர்ல ஃபேனே வேண்டியதில்ல" என்பான். குழந்தையை இரண்டு முறை பார்த்திருக்கிறான். இரண்டு முறையும் தூங்கிக்கொண்டிருந்தது. கையில் வாங்கியதில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவனே போன் செய்து, வரவேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

தோளில் குழந்தை, கையில் பை, முகமெல்லாம் வியர்வை. படலைத் தள்ளிக்கொண்டு வந்தவளைக் கொட்டகைக்குள்ளிருந்து அவன் அதட்டினான்.

"அங்கயே நில்லு! கிட்ட வராத."

நின்றாள். "ஏன், உள்ள எவளையும் கொண்டாந்து வச்சிருக்கீங்களா?"

"வெளையாடாத மகா. பிள்ளையத் தூக்கிக்கிட்டுச் சின்னம்மா வீட்டுக்குப் போயிரு."

"என்னன்னு சொல்லுங்க. அதக் கேக்கத்தான பஸ் ஏறி வந்தேன்."

"ஆத்தா வந்திருக்கா."

மகாதேவி இரண்டடி பின்னால் போனாள். முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடினாள்.

"காச்சல் அடிச்சுச்சா?"

"இல்ல."

"மேலு வலி?"

"ஊத்துல இருந்து தண்ணி சுமந்த வலிதான்."

"நீர் கோத்திருக்கா?"

"பொடிப்பொடியா இருக்கு. குத்துது."

"துணி இறுக்குற எடத்துலயா? கழுத்து, கம்புக்கூடு, இடுப்பு?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்வெட்டரக் கழட்டுங்க."

கழற்றினான். சட்டையையும் கழற்றச் சொன்னாள். வெளிச்சத்துக்கு வரச் சொன்னாள். எட்டி நின்றே ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு கொட்டகை வாசலில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பில் தோள் குலுங்கிக் குழந்தை விழித்துக்கொண்டது.

"ஆத்தா விசயத்துல சிரிக்காதடி."

"வேர்க்குருங்க. இது வேர்க்குரு."

அந்தச் சொல்லை அவன் டிவியில் பவுடர் விளம்பரத்தில் கேட்டிருக்கிறான்.

"அது கீழ உள்ளவங்களுக்குத்தான வரும்?"

"வெயிலுக்கு மேலு கீழு தெரியுமா? இந்தக் காச்சுக் காச்சுது, ஸ்வெட்டர மாட்டிக்கிட்டுத் தண்ணி சொமந்தா வராம என்ன செய்யும்?"

"மார்கழில இருந்து போட்டுருக்கேன். கழட்டணும்னு தோணல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீ சொல்றது தப்பாப் போயி, பிள்ளைக்கு ஒட்டிக்கிருச்சுன்னா?"

மகாதேவி குழந்தையை மடியில் கிடத்தி, மோவாயை மெல்லத் தூக்கினாள். கழுத்து மடிப்பில் அதே சிவப்பு. அதே கடுகு.

"இவளுக்கு வந்து அஞ்சாறு நாளாச்சு. ராத்திரியெல்லாம் கத்துறா. அவங்க அப்பா ஊருக்குப் போனா ஒரே நாள்ல அமுங்கிரும்னு எங்கம்மாகிட்டச் சவடால் விட்டுட்டு வந்தேன்."

வேல்ராஜ் கூரையைப் பார்த்தான். தகரம் படபடத்தது.

"இங்கயும் இப்படித்தான் கெடக்கு" என்றான்.

"தண்ணி இருக்கா?" என்றாள்.

இரண்டு குடம் இருந்தது. ஊற்று வற்றி, பாறை இடுக்கில் கசிவதைச் சிரட்டையில் மொண்டு மொண்டு நிரப்பியது. குழந்தையைக் குளிப்பாட்டவென்று வெள்ளைத் துணி கட்டி வைத்திருந்தான். அதில் ஒரு செம்புகூட அவன் குடிக்கவில்லை.

செல்வமுருகன் வண்டியை நிறுத்தாமலே வேப்பங்கொத்தை வேலிமேல் வீசிவிட்டுப் போனான். மகாதேவி அதை எடுத்து உதறினாள். "நல்லதாப் போச்சு. இவளுக்கும் ஆகும்."

இலையை உருவி அலுமினியப் பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாள். பிறகு குழந்தையை அதில் சாய்த்துப் பிடித்துக் கழுத்திலும் அக்குளிலும் உள்ளங்கையால் ஒற்றினாள். குழந்தை தண்ணீரை அடித்தது. அவன் எட்டி நின்றே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களும் வாங்க. குனிங்க."

"எனக்கு வேணாம். தண்ணி கெடக்கட்டும்."

"ஒங்க மேலு நாறுதுங்க. இது பிள்ளை குளிச்ச தண்ணிதான், வாங்க."

குனிந்தான். அவள் பேசினிலிருந்து செம்பால் மொண்டு அவன் பிடரியில் ஊற்றினாள். தண்ணீர் முதுகில் இறங்கியதும் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வேப்பிலை தோளில் ஒட்டியது. அவள் விரலால் எடுத்தாள்.

"எரியுதா?"

"இல்ல."

"ஆத்தான்னு நெனச்சுத்தான் வரவேணாம்னீங்களா?"

"வேற எதுக்கு?"

"நான் என்னென்னமோ நெனச்சுக்கிட்டேன். ராத்திரி சோறு எறங்கல." சொல்லிவிட்டுத் துண்டால் அவன் தலையைத் துவட்டினாள், வேண்டியதைவிட அழுத்தமாக.

பிறகு குழந்தையைத் துடைத்து, ஒரு மெல்லிய துணியை மட்டும் சுற்றி நீட்டினாள்.

வேல்ராஜ் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "ஒருவேள..."

"ஒருவேளயும் இல்ல. பிடிங்க. கழுத்தத் தாங்குங்க, அம்புட்டுதான். நான் போயி ரெண்டு சாக்க நனச்சு சன்னல்ல போடுறேன்."

வாங்கினான். ஈரமாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவள் மிச்சத் தண்ணீரோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது. தாடியைப் பார்த்தது. புருவம் சுருங்கியது. கீழுதடு மெல்லப் பிதுங்கி, ஒரு பக்கமாகக் கோணியது.

"ஏ மகா, இவ இப்பச் சிரிக்கப் போறாளா, அழப் போறாளா?"