பிழை கேட்கும் அட்டை

1
பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூலுக்குள் துளையிட்ட அட்டை ஒன்று கிடந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியாது. எனவே கதை எழுதத் தகுதி வந்துவிட்டது.

“1974. காரைக்குடி வானம் செக்கச்…” வேண்டாம். வானத்துக்கு இங்கே வேலையில்லை.

2
ஞானமணி, ஓர் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டருக்கான எண்களைத் தற்காலிகமாக அட்டையில் துளைப்பவள். அட்டைக்கட்டு மெட்ராஸ் போகும். அங்குள்ள கம்ப்யூட்டரின் விடை ஒரு வாரத்தில் வரும். கணக்குப் போட அதன் நினைவில் இரண்டு அறைகள். ஒன்றில் விடை மட்டும், மற்றதில் பிழை மட்டும் தங்கும். பிழையறையில் ஏதும் உண்டா என்று கேட்கத் தனி அட்டை. அதைக் கட்டில் சேர்த்தால் கம்ப்யூட்டர் உண்டு, இல்லை என்பதோடு வாயை மூடிக்கொள்ளும். (இந்தக் கண்ணியம் எனக்குப் பிடிக்கிறது.)

அதிகாரி காசிவிஸ்வநாதன் கட்டுக்குப் பிள்ளையார்பட்டிக் குங்குமம் வைப்பவர்.* அந்த அட்டையை மட்டும் உருவினார்.

“நல்ல காரியம் அனுப்புறப்ப, பிழை உண்டான்னா கேப்பாக?”

“கேக்காட்டி உள்ளயே கெடக்கும் சார்.”

“கெடக்கட்டுமே. நம்மளையா கடிக்கிது?”

விடை வந்தது: பக்கம் முழுக்கப் பூஜ்யம். ‘துளைத்தவள் கவனக்குறைவு, பணி நீட்டிக்க வேண்டாம்’ என்று குறிப்பு எழுதினார்.

துளை தப்பியிருந்தால் கம்ப்யூட்டர் அட்டையையே தள்ளியிருக்கும். பிழையறையில் கிடப்பது கொடுத்த எண்களின் பிழை. எண்கள் அதிகாரி தன் கையால் எழுதிக் கொடுத்தவை.

* குங்குமத்தில் அட்டைகள் ஒட்டிக்கொண்டதாக ஒரு வரி இருந்தது. சிரிப்புக்காகச் சேர்த்தது, எடுத்துவிட்டேன்.

3
அதே கணக்குக்காக மறுமுறை கட்டு புறப்பட்டபோது ஞானமணி அந்த அட்டையைத் தேடி எடுத்தாள். பஸ்ஸுக்குக் கொண்டுபோக வந்த பியூன் பூமிநாதன் பார்த்துவிட்டான். குனிந்து தன் செருப்பு வாரை இழுத்து அறுத்தான்.

“வாரு அந்துபோச்சு. நான் மெதுவாத்தான் நடக்கணும். நீங்க சொருகுங்கம்மா.”

4
முடிவு ஒன்று: காசிவிஸ்வநாதன் மன்னிப்புக் கேட்கிறார். மூன்று தடவை எழுதினேன். ஒரு தடவைகூட அவர் ஒத்துழைக்கவில்லை.

முடிவு இரண்டு: மெட்ராஸிலிருந்து விடை உறை வருகிறது.

“ஏம்மா, அந்த அட்டைய வச்சியா?”

“வச்சேன் சார். உண்டுன்னு வந்தா குறிப்பக் கிழிப்பீகளா?”

“இல்லைன்னு வந்தா?”

“நான் போயிர்றேன்.”

அவர் விரல் குங்குமச் சிமிழுக்குப் போய், உறைக்கு மேலே அப்படியே நின்றது.

நான் பிரிக்கமாட்டேன். உறையை உங்கள் மேசையில் வைக்கிறேன். பூமிநாதனுக்குப் புது வார் தைத்துக் கொடுத்துவிட்டேன். இந்தக் கதையில் என் அதிகாரம் அவ்வளவுதான்.