முத்திருளனின் இத்தாலி பாட்டில்

மகள் ஒச்சாயி சங்கில் ஊற்றிய பால் அய்யாவின் கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. "இறங்க மாட்டேங்குதே தம்பி," என்று கருத்தக்கண்ணனைப் பார்த்தாள். அய்யா முத்திருளன் கண்ணைத் திறந்து சங்கைத் தள்ளிவிட்டார்.

"பாலு வேணாம். பெட்டியில இருக்கே, அத எடுத்துட்டு வா."

அது என்னவென்று கோச்சடையில் அந்தத் தெருவுக்கே தெரியும். கருத்தக்கண்ணன் பெட்டிப் பக்கம் போகாமல் நின்றான்.

உலகப்போரில் ராணுவ லாரி ஓட்டப் போனவர் முத்திருளன். நாற்பத்து நாலில் இத்தாலியில், கியாந்தி மலைப்பக்கம் திராட்சை பயிரிடும் ஒரு சம்சாரி வீட்டுத் தொழுவத்தில் இருபது நாள் தங்கி, திராட்சைக் கூடையும் சுமந்தார். அந்தக் கதையை ஆரம்பித்தால் கேட்பவர் தட்டில் சோறு ஆறிப்போகும். பறித்த பழத்தில் கொஞ்சத்தை ஒதுக்கி உலர்த்துவார்களாம். மற்றதைப் பிழிந்த சாறு புளித்துப் பொங்கி அடங்கியதும், உலர்ந்ததையும் பிழிந்து சேர்ப்பார்களாம். அது மறுபடி பொங்குமாம். அப்போதுதான் அந்தச் சிவப்பு ஒயினுக்கு உயிர் வருமாம். கிளம்பும்போது அந்தச் சம்சாரி, புல்லால் பின்னிய உறை போட்ட குண்டு பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். திறந்தால் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு வாய் குடிக்க வேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். முத்திருளன் முப்பத்தைந்து வருஷமாகத் திறக்கவில்லை.

மகன் கருத்தக்கண்ணன் திறந்துவிட்டான். நாலு வருஷத்துக்கு முன்னால், மதுவிலக்கில் ஊரே காய்ந்து கிடந்தபோது, இரண்டு கூட்டாளிகளோடு வைகைக் கரையில். காடியாகப் புளித்திருந்தது. ஆளுக்கொரு வாய் வைத்துத் துப்பிவிட்டு மிச்சத்தை மணலில் கொட்டினார்கள். வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரை நிரப்பி, தக்கையை அடித்து, மெழுகு உருக்கி ஊற்றிப் பெட்டியில் வைத்துவிட்டான். பென்சில் திருடிய பிள்ளைகளுக்குப் பிரம்படி கொடுக்கிற வாத்தியார்தான் இவ்வளவும் செய்தது.

பாட்டிலோடு வந்தவன் அய்யாவின் காதருகே குனிந்தான். சொல்லிவிடலாம். சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். தலையணையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தான்.

"எல்லாருக்கும் ஒரு வாயாமே மாமா?" என்றான் ஒச்சாயியின் புருஷன் விருமாண்டி.

"ஆமா, எல்லாருக்கும். மொதல்ல எனக்கு."

சங்கில் ஊற்றினால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கருத்தக்கண்ணன் மெழுகைச் சுரண்டித் தக்கையைப் பிடுங்கி, தலையைத் தாங்கிப் பிடித்து, பாட்டிலையே அய்யாவின் உதட்டில் வைத்துச் சாய்த்தான். அவர் விழுங்கினார். நாக்கை ஒருதரம் சுழற்றினார். பிறகு மகனைப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். கருத்தக்கண்ணனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தப் படுக்கையில் தானே கிடந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"எப்படி இருக்குய்யா?" என்றாள் ஒச்சாயி.

"அதே ருசி," என்றார் முத்திருளன்.

விருமாண்டி டம்ளரை நீட்டினான். அய்யாவின் கை மெல்ல எழுந்து பாட்டிலின் வாயை மூடியது.

"யாருக்கும் குடுக்காத. அம்புட்டும் எனக்குத்தான்."

"ஆசையப் பாரு இவருக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். பால் இறங்காத தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் முட்டி முட்டி இறங்கியது. பாதி காலியானதும் மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் வழிந்தது.

"போதும்யா," என்றான் கருத்தக்கண்ணன். பாட்டிலை நிமிர்த்தினான்.

"ஊத்துடா."

ஊற்றினான். வெயில் முற்றத்தைத் தாண்டிப் போகும்வரை, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தான். அடி வரை குடித்து முடித்த பிறகுதான் முத்திருளன் கண்ணை மூடினார். நாலு மணிக்கெல்லாம் மூச்சு நின்றது. ஒச்சாயி மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

விருமாண்டி பக்கத்தில் வந்து, "அடியில எதுவும் கெடக்கா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டான்.

கருத்தக்கண்ணன் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.