அவருக்கு வைத்த கிண்ணம்

ஜீவராணி கொட்டகலை பஜாரில் நஸாரின் கடைக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. வலது காலில் செருப்பில்லை. பெருவிரலைச் சுற்றிக் கட்டு. ரத்தத்தில் சீனி இறங்கவேயில்லை என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் விரலை எடுக்க வேண்டிவரும்.

“காலையில ரொட்டிய விடச் சொல்றாங்க தம்பி.”

“அப்ப இந்த முழு ஓட்ஸ எடுங்கக்கா. தண்ணி ஊத்துனதும் கரையிறது வேணாம். இல்லாட்டி குரக்கன் மாவுல கஞ்சி காய்ச்சுங்க. சீனி மட்டும் போட்றாதீங்க, பெறகு என் கடைக்குத்தான் கெட்ட பேரு.”

ஓட்ஸை வாங்கியவள், மேல் தட்டில் இருந்த சீனி பூசிய கோர்ன்பிளேக்ஸையும் காட்டினாள்.

“அது யாருக்கு?”

“அவருக்கு.”

நஸாரின் எட்டிய கை அப்படியே நின்றது. அவள் கணவர் கணேசமூர்த்தியின் சாவுக்கு நஸார் போயிருந்தார். சீனி வியாதியில் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால்வரை எடுத்தும் பிழைக்காத மனிதர். நஸார் பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தினமும் காலையில் கணவரின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்துவிட்டுத்தான் ஜீவராணி சாப்பிடுவாள். அவருக்குப் பிடித்த கோர்ன்பிளேக்ஸ், பால், மேலே சீனி. படைத்ததை வீசக்கூடாது என்பதால் கொஞ்ச நேரம் கழித்து அதையும் அவளே சாப்பிட்டாள்.

ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் லோஜினி ஒரு விடுமுறை நாளில் அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பாவோடதையும் நீயாம்மா திங்கிற? அப்புறம் ஓட்ஸ் எதுக்கு, ஊருக்குக் காட்டவா?”

“இனிப்பெல்லாம் அவரு எடுத்துக்கிறாரு. எனக்கு வெறும் சக்கைதான். வேணும்னா நீ தின்னு பாரு.”

லோஜினி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். ஊறிய காகிதம்போல இருந்தது. அடுப்படியில் ஒரு துளி சீனி சிந்தினாலும் எறும்பு மொய்க்கும் வீடு. அந்தக் கிண்ணத்தின் பக்கம் ஒரு எறும்பும் வரவில்லை.

“அப்படின்னா ஒன் ரத்தத்துல ஏறுறது யாரு சீனி?” என்றாள்.

அன்றே லோஜினி கோர்ன்பிளேக்ஸையும் சீனி டின்னையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். மறுநாள் ஒரே சட்டியில் ஓட்ஸ் அவித்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள்.

“அப்பாவுக்கும் சுகர்தானே. இனிமே அவருக்கும் இதுதான்.”

“ஏசுவாருடி.”

“ஏசட்டும். இருந்தப்பவும் அதத்தானே செஞ்சாரு.”

ஒரு கிண்ணத்தைக் கரண்டியோடு படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றிவிட்டு, இருவரும் மலை ஊற்று விழும் பீலிக்குப் போய் தண்ணீர் பிடித்து வந்தார்கள். கதவைத் திறந்ததும் லோஜினி நின்றுவிட்டாள். சுவரின் வெடிப்பிலிருந்து தரைவழியாகக் கிண்ணம்வரை எறும்புகள் கறுப்புக் கயிறாக ஓடிக்கொண்டிருந்தன. அடுப்படியில் இருந்த மற்றக் கிண்ணத்தில் ஒன்றுகூட இல்லை.

ஜீவராணி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பல் கூசும் இனிப்பு.

“நீயா போட்ட?”

“வீட்ல சீனியே இல்லம்மா.”

ஜீவராணி படத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவர் இனிப்பை எடுத்துக்கொள்கிறார் என்று நம்பியிருந்தாள். சீனி போடாத ஓட்ஸையே இனிக்கவைத்தவர் எதையும் எடுக்கவில்லை. நாக்குக்குத் தெரியாமல் மறைத்து, முழுவதையும் அவளுக்கே ஊட்டியிருக்கிறார். விரல், பாதம், முழங்கால். அவர் போன வழி அவளுக்குத் தெரியும்.

“தனியா இருக்க முடியலையா ஒங்களுக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள். “நான் இப்ப வரலங்க. எனக்குக் கால் வேணும். ஒங்களோடத நீங்களே சாப்பிடுங்க.”

கிண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு, படத்துக்கு முதுகைக் காட்டி அடுப்படியில் உட்கார்ந்தாள். தன் பங்கு ஓட்ஸை எடுத்தாள். சப்பென்று இருந்தது, சூடும் ஆறிப்போயிருந்தது. வாய் வாயாக மென்று விழுங்கினாள்.

பின்னால் கிண்ணத்தில் கரண்டி உரசியது. பிறகு மறுபடியும், பசியோடு சாப்பிடுகிறவர் வழிப்பதுபோல.

“அம்மா,” என்றாள் லோஜினி.

“திரும்பாத,” என்றாள் ஜீவராணி. “ஒனக்கும் ஊத்திக்க.”