ஆனி நகரைப் பிடித்த பெருவாத்து

"சுல்தான் அத்தனை படையோட வந்து திணறிப் பிடிச்ச ஆனி நகரத்த, நம்ம பாஷா காலை டீ ஆறுறதுக்குள்ள பிடிச்சிட்டான்" என்றார் துர்சுன்.

டீக்கடையில் ஒருவரும் நம்பவில்லை. பாஷா என்பது துர்சுன் வளர்க்கும் ஆண் பெருவாத்து. ஊரில் அது கொத்தாத கால் மேசைக்கால் மட்டுமே.

அடுப்போரம் நின்றிருந்த செவ்கெத் உறுமினார். இடிந்து கிடக்கும் ஆனி நகரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது அவர் பிழைப்பு. துர்சுனைப் பழிப்பது அவர் பொழுதுபோக்கு. வேலித் தகராறுக்குப் பிறகு இருவருக்கும் நல்ல பேச்சே கிடையாது.

"பனி விழுந்தாச்சு, உன் வாத்தும் மிதிச்சாச்சு. சொன்னது பொய்யின்னா இன்னைக்கே அது சட்டிக்குப் போகணும். சம்மதமா?"

பனி மிதிக்காத வாத்தை கார்ஸ் பக்கம் யாரும் அறுப்பதில்லை. மிதித்ததை விட்டுவைப்பதும் இல்லை. மனைவி போன பின் துர்சுன் வீட்டில் சத்தம் போட மிஞ்சியது அந்த வாத்து ஒன்றுதான். ஆனாலும் பாழாய்ப்போன வாய், சம்மதம் என்று சொல்லிவிட்டது.

காலையில் வாத்தைத் தேடி இடிந்த நகரத்துக்குப் போய், தேவாலய வாசலில் நின்று பார்த்ததைத் துர்சுன் சொன்னார். கூம்புக் கூரைத் தேவாலயத்துக்குள் ஒரு பஸ் நிறைய அங்காராக்காரர்கள். எதிரொலியைக் காட்ட செவ்கெத் வழக்கம்போல ஆண் வாத்தாகக் கத்தினார். ஒரு கத்தல் நாற்பதாக மேலேறியது. தன் மண்ணில் நாற்பது எதிரிகளா என்று பாஷா கழுத்தை ஈட்டியாக நீட்டிக்கொண்டு புகுந்தது. சுவரில் வரைந்திருந்த புனிதர்களே காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு தடித்த வக்கீல் எல்லை ஆற்றையும் தாண்டி, ஆர்மீனியாவில்தான் மூச்சு வாங்கினார்.

சாட்சி எங்கே என்றார்கள். சாட்சிகள் பஸ்ஸேறிப் போயிருந்தார்கள்.

"அப்படி ஒண்ணு வந்திருந்தா நான் பார்த்திருக்க மாட்டேனா? கத்தியக் கொண்டாங்கப்பா" என்றார் செவ்கெத்.

துர்சுன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் முக்காலியையே அவர் பக்கம் தள்ளினார்.

"வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கியேய்யா. உக்காந்து ஒரு டீ குடி. நீ உக்காந்துட்டா நானே அறுக்கிறேன்."

செவ்கெத் அசையவில்லை. கடைக்காரர் முக்காலிமேல் ஒரு திண்டையும் வைத்துப் பார்த்தார். எல்லோரும் பார்க்க, செவ்கெத் மெல்லத் தாழ்ந்தார், பாதி வழியில் நின்றார். அந்தப் பனிக்காலத்திலும் அவர் நெற்றி வேர்த்தது. வெளியே பாஷா ஒரு முறை கத்தியது. செவ்கெத் கொடிக்கம்பமாக நிமிர்ந்துவிட்டார்.

"நடந்துச்சுய்யா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு பக்கமும் கொத்திருச்சு."