மூன்றாம் நாள் கீழாநெல்லி

ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு, மருந்தைக் கலக்கிக் குடிக்க மோர்ச் சொம்போடு உள்ளே வந்த திருமலை, ஐஸ் பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அடி அண்ணாமலையிலிருந்து வெறும் வயிற்றோடு ஆட்டோ ஓட்டி வந்திருந்தான். மஞ்சள்காமாலைக்கு மூன்று நாள் மருந்து; இன்று மூன்றாம் நாள். மருந்து கொடுக்கிற இருசப்பன்தான் பெட்டிக்குள் கிடந்தார்.

"அண்ணி, மூணாம் வேளைய நிறுத்தக்கூடாது. கீழாநெல்லி தோட்டத்துலதான கீது, அரைச்சுக் குடுத்துடுங்க," என்றான் கொழுந்தன் தசரதன். "அண்ணன் மனசு குளுந்துடும்."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த இருசப்பன் மனைவி ரேணுகாம்பாள் எழுந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அம்மியில் அதை அரைத்தது அவள் கைதான். திருமலையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்குமுன்னே சரக்கு வாடை அடித்தது.

"நேத்து குடிச்சியா?"

"கம்மியாத்தான்க்கா." தலையைக் குனிந்துகொண்டான். "காலைல இலைச்சாறு உள்ள போயிட்டா ஈரலுக்கு ஒண்ணும் ஆவாதுனு அண்ணனே சொல்லுவாரு..."

சொன்னதோடு விட்டாரா மனுஷன்? ஊருக்குக் கொடுத்தது போகக் காலையில் தனக்கும் ஒரு டம்ளர் சாறு. அந்தத் தைரியத்தில் சாயந்திரம் ஒரு குவார்ட்டர். போன வாரம் ரத்தமாய் வாந்தி எடுத்தபோதும் ஆஸ்பத்திரி வேண்டாம், சாறு கொடு என்றார். சொல்லக் கூசுகிறது, அன்றைக்கும் அரைத்துக் கொடுத்தவள் இவள்தான்.

திருமலையின் மணிக்கட்டைப் பிடித்துப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு உள்ளே வயிறு பானையாய் எழும்பியிருந்தது. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"நல்லா பாரு. ஒரு நாள் தவறாம சாறு குடிச்ச ஆளு."

திருமலை சொம்பைக் கீழே வைத்தான்.

"ஆட்டோவ எடு. பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்."

"அண்ணி! பொணத்தப் போட்டுட்டா? ஊரு காறித் துப்பும்!"

"துப்பட்டும். எடுக்க மூணு மணி ஆவும், அதுக்குள்ள வந்துடுறேன். உங்கண்ணன் எங்கயும் ஓடிட மாட்டாரு, தசரதா."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற இடத்தில் வரிசை நீண்டிருந்தது. திருமலை சுவரோரம் சுருண்டு உட்கார்ந்துவிட்டான். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பிடித்துக்கொண்டு அவளே நின்றாள். விடியற்காலையில் தாய்வீட்டார் வந்து குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, கடைசியாக ஒருமுறை தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமும் வைத்துவிட்டிருந்தார்கள்.

முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"எம்மாம் பூவு! வீட்ல விசேஷமாக்கா?"

"ஆமாம்மா," என்றாள் ரேணுகாம்பாள். "கொஞ்சம் முன்னால போ. வரிசை நகருது பாரு."