நாற்பத்திரண்டு கிராம் கூடுதல்

தொங்கு தராசில் 3042 என்று வந்தது. ஆயுதங்களைச் சோதிக்கும் ஓல்கெர்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். எண் மாறவில்லை. மூன்று கிலோவுக்கு மேல் ஒரு கிராம் போனாலும் ஆயுதம் களத்துக்குள் போகாது. அவர் மேசையிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை எடுத்து, நெடுங்கோடரியின் கழுத்தில் கட்டினார். நிராகரிப்பு.

"இருக்கவே முடியாது," என்றாள் அதைச் செய்த யகோடா. "வியாழக்கிழமை பட்டறையில நானே எடை போட்டேன். ரெண்டாயிரத்து தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு. உங்க தராசுலதான் கோளாறு, பான் ஓல்கெர்ட்."

பான் என்ற மரியாதைச் சொல்லுக்கு அசையாமல் ஓல்கெர்ட் மேசைக்கு அடியிலிருந்து மூன்று கிலோ பித்தளைக் கல்லை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். 3000. ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

கோட்டை முற்றத்தில் வரிசையாக நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிப் பேர் கவசம் மாட்டியிருந்ததால் சிரிப்போடு தகரச் சத்தமும் சேர்ந்து வந்தது.

"வர்ற வழியில அதுக்கு என்ன வாங்கிக் குடுத்த யகோடா? ரெண்டு தட்டு பியெரோகிக் கொழுக்கட்டையா?"

"வெண்ணெய் வேற போட்டிருப்பா!"

யகோடாவுக்குக் காது சூடானது. நெடுங்கோடரியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தாள். பின்னால் கணுக்கால் இரும்பு இடிக்க இடிக்க ப்ரோனெக் ஓடிவந்தான். ஆயுதம் அவனுக்காகச் செய்தது.

ப்ரோனெக் ரொட்டிக்கடை அடுப்புகளைப் பழுதுபார்ப்பவன். வயது நாற்பத்துநான்கு. நீள ஆயுதத்தில் ஒற்றைக்கு ஒற்றை மோதும் இந்தப் போட்டிக்காக நான்கு வருஷம் பயிற்சி எடுத்திருந்தான். இன்று ஜெயிப்பவன் நாட்டு அணிக்குப் போவான். பெயர்ப் பட்டியலைப் பதினொரு மணிக்கு மூடிவிடுவார்கள். தேறிய ஆயுதத்தைக் காட்டாமல் பெயர் எழுத மாட்டார்கள். தன் ஆட்டம் முடியாமல் யாரும் இரவல் கொடுக்கவும் மாட்டார்கள். மணி ஒன்பதே முக்கால்.

"மீசையை வெட்டு," என்றான் அவன், கூடாரத்துக்குள் நுழைந்ததுமே.

கோடரித் தலையிலிருந்து கம்பின் இரண்டு பக்கமும் ஒரு முழ நீளத்துக்கு இறங்கும் இரும்புப் பட்டைகளைத்தான் இங்கே மீசை என்பார்கள். பட்டைகளைக் கம்போடு சேர்த்து ஆணி அறைந்திருக்கும். எதிராளியின் அடி அதிகமாக விழுவது அந்த இடத்தில்தான். பட்டை இருக்கும்வரை அடி இரும்பில் படும். பட்டை முடிந்த இடத்துக்குக் கீழே வெறும் மரம்.

"வெட்டுனா ஐம்பது கிராம் போகும். சரிதான்," என்றாள் யகோடா. "மூணாவது அடியில கம்பு முறியும். ஒண்ணரைக் கிலோ தலை வேலிக்கு மேல பறந்து எவன் மடியிலயாவது போய் உக்காரும். ஐஸ்கிரீம் தின்னுட்டிருக்கிற பிள்ளை மடியிலகூட."

"அப்போ கோடரி வாயைத் தேய்."

"வாய்த் தடிமன் இப்பவே மூணு மில்லிமீட்டர்தான். அதுக்குக் கீழ போனா வெட்டும்னு அதுக்கும் ஒரு சிவப்பு நூல். இரு, என்னை யோசிக்க விடு."

"யோசி, யோசி. பதினோரு மணிவரைக்கும் நல்லா யோசி."

அவள் ஆயுதத்தைக் குறுக்காக இரண்டு பெட்டிகளின் மேல் கிடத்தினாள். அறுபத்தேழு கிராம் எங்கிருந்து வந்தது? இரும்பு இரண்டு நாளில் எடை ஏறாது. ஏறினால் மரத்தில்தான் ஏற வேண்டும். கம்பு ஆஷ் மரம். இழுவையும் வளைவும் தாங்கும் என்பதால் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அந்த மரம் உண்மையில் ஒரு குழாய்க் கட்டு. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோன நுண்குழாய்கள் நீளவாக்கில் அப்படியே இருக்கும். பக்கவாட்டில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அதற்கு ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு போதும். அறுத்த நுனியிலோ எல்லாக் குழாய்களும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதனால் நுனியை உருக்கிய மெழுகால் இரண்டு முறை அடைக்க வேண்டும். பதினாறு வருஷமாக ஒரு கம்பைக்கூட அவள் அடைக்காமல் அனுப்பியதில்லை.

அடி நுனியைத் திருப்பிப் பார்த்தாள். ஊறிய ரொட்டி மாதிரிக் கறுத்திருந்தது. ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து அழுத்தினாள். கைக்குட்டை நனைந்தது.

வியாழக்கிழமை மாலை நினைவுக்கு வந்தது. வண்டி கிளம்பி நிற்கும்போது ப்ரோனெக், கம்பு நீளம், திரும்பும்போது தரையில் தட்டுகிறது என்றான். அவள் நாலு விரற்கடை அறுத்தாள். அறுத்தாள், எடை போட்டாள், அவ்வளவுதான்.

"இதை எங்க வச்சிருந்த?" என்று கேட்டாள்.

ப்ரோனெக் கூடாரத்தின் மூலையைக் காட்டினான். இரண்டு ராத்திரி மழையில் அங்கே ஒரு குட்டை தேங்கியிருந்தது.

"தண்ணியில நட்டு வச்சிருக்க! பூச்செடியா இது?"

"நீ அடைச்சிருப்பேன்னு நினைச்சேன். நீதானே அடைப்ப?"

அவள் அளவு நாடாவை எடுத்தாள்.

இன்னும் கொஞ்சம் அறுக்கலாமா என்று அளந்தாள். மொத்த நீளம் நூற்று எண்பது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. இருந்தது நூற்று எண்பத்தொன்று. ஒரு சென்டிமீட்டர் மரம் எட்டு ஒன்பது கிராம். போதாது. நெருப்பில் காட்டினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், கம்பு பிளக்கும்.

"அப்போ அவ்வளவுதானா?" என்றான் ப்ரோனெக். இப்போது குரலில் கேலி இல்லை.

"இல்ல. செதுக்கப் போறேன். உக்காந்து புடிச்சுக்க."

எங்கே எடுப்பது என்பதுதான் கேள்வி. தலைக்குக் கீழே அடி விழும், தொடக் கூடாது. நடுவில் கம்பு வளையும், அங்கேயும் கூடாது. பின்கைக்குக் கீழே உள்ள பாகத்துக்கு வேலை குறைவு. ஊறியிருப்பதும் அதுதான், ஆகவே ஒவ்வொரு சுருளுக்கும் எடை அதிகம். கம்பு வட்டமில்லை, முட்டை வடிவம். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் கோடரியின் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியவே அப்படிச் செய்வது. ஒரு பக்கம் மட்டும் இழைத்தால் வடிவம் போய்விடும். சுற்றிலும் சமமாக எடுக்க வேண்டும்.

செதுக்கும் எஃகுத் தகட்டை இரண்டு கட்டைவிரலாலும் வளைத்துப் பிடித்து இழுத்தாள். ஈர மரம் தூளாகவில்லை. ஈரச் சுருளாக வந்தது. ப்ரோனெக் சுருள்களை ஒரு கிண்ணத்தில் சேர்த்துச் சமையல் தராசில் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தான். பதினெட்டு. இருபத்தொன்பது. நாற்பத்தாறு.

"போதும்! தாண்டிட்டோம்!"

"மெழுகு பத்து கிராம் பிடிக்கும். அறுபதுவரைக்கும் போகணும்."

அறுபத்திரண்டில் நிறுத்தினாள். இரும்புக் கையுறையை மாட்டிப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். வெறுங்கைக்குச் சரியாக இருப்பது கையுறைக்குள் உருளும். அவன் நாலு முறை சுழற்றினான்.

"கொஞ்சம் ஒல்லி. ஆனா கைக்குள்ள திரும்பல."

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் இந்தக் கம்பு. ஈரத்தை உள்ள வச்சு மூடுறேன். நாளைக்குக் கழட்டிட்டுப் புதுசு போட்டுத் தர்றேன்."

மெழுகுவத்தியை உருக்கி நுனியில் இரண்டு முறையும், செதுக்கிய பாகத்தில் மெல்லிசாக ஒரு முறையும் தேய்த்தாள். மணி பத்தே முக்கால்.

கூடாரத்தை விட்டு வெளியே வரும்போது ப்ரோனெக் அவள் முழங்கையைப் பிடித்தான். சிவப்பு நூல் கட்டிய ஆயுதத்தைத் திரும்பக் கொண்டுவந்தால், கோளாறு என்ன, என்ன மாற்றினோம் என்று செய்தவரே வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அது இங்கே வழக்கம். வரிசையில் நிற்பவர்களில் ஐந்தாறு பேர் கையில் இருந்தது யகோடா செய்த ஆயுதம்.

"மழைன்னு சொல்லிடு," என்றான். "பொய் இல்லையே."

"மழை எல்லார் கம்புலயும்தான் பெஞ்சுது."

ஓல்கெர்ட் ஆயுதத்தை மாட்டினார். 2990.

"என்ன மாத்தின?" என்று கேட்டார்.

"பின்கம்புல சுத்தி அறுபத்திரண்டு கிராம் செதுக்கியிருக்கு," என்றாள் யகோடா. வரிசையின் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னாள். "வியாழக்கிழமை அடி நுனியை அறுத்தேன். மெழுகு அடைக்காம அனுப்பிட்டேன். தண்ணி குடிச்சிருக்கு. தப்பு என்னுது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு தடித்த மனிதர் தன் கம்பைத் தலைகீழாகத் திருப்பி நுனியைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவனும் பார்த்தான்.

ஓல்கெர்ட் செதுக்கிய பாகத்தில் நகத்தை ஓட்டினார். மீசையின் ஆணிகளை ஒவ்வொன்றாக அசைத்தார். கம்பைத் தரையில் ஊன்றிக் காலால் மிதித்து வளைத்து, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். விரிசல் சத்தம் இல்லை.

"என் தராசு?" என்றார்.

"உங்க தராசு சரி, பான் ஓல்கெர்ட். மன்னிச்சிடுங்க."

அவர் நூலை அறுத்தார். ப்ரோனெக் நன்றி சொல்லக்கூட நிற்காமல், ஆயுதத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பெயர் எழுதும் மேசைக்கு ஓடினான். அங்கே இருந்த பெண் பேனாவை மூடப் போனவள், அவன் போட்ட கூச்சலில் மறுபடி திறந்தாள்.

யகோடா திரும்பினாள். தடித்த மனிதர் தன் கம்பைத் தலைகீழாக அவள் முன் நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னுதையும் பாரும்மா," என்றார். "போன மாசம் நீ அறுத்துக் குடுத்த."

அவள் இன்னொரு காகிதக் கைக்குட்டையை எடுத்து நுனியில் அழுத்தினாள்.