பாசி அடைத்த மணி

ஓடைக்கரையில் மூன்றாவது சுருட்டுத் துண்டும் கிடைத்துவிட்டது. துல்லியோ குனிந்து எடுத்து முகர்ந்து பார்த்தான். கடைவாயில் வைத்துச் சப்பியே நுனி நார் நாராகிப்போன கறுப்புச் சுருட்டு. அந்தப் பள்ளத்தாக்கில் சுருட்டுப் பிடிப்பவர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள், தின்கிறவன் ஒருவன்தான். மச்சான் நெல்லோ, பெண்டாட்டி எல்வீராவின் அண்ணன்.

"திருட்டுப் பய. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாத்தியா?" என்றான் நாயிடம்.

பிரினா வாலை ஆட்டியது. பதினான்கு மாதப் பெட்டை, வெள்ளை உடம்பில் ஈரல் நிறப் புள்ளிகள். அதற்கு ஊர்ப் பகையெல்லாம் தெரியாது.

நவம்பர் பிறந்தால் வடக்கேயிருந்து காட்டு உள்ளான் பறவைகள் அந்த மலைகளில் வந்து இறங்கும். நீண்ட மூக்கு, சருகு நிறம். காலடியில் கிடந்தாலும் மனிதன் கண்ணுக்குத் தெரியாது, நாயின் மூக்குக்குத்தான் தெரியும். போன வருடம் இறங்கிய புதரடியிலேயே இந்த வருடமும் இறங்கும். அதனால் அந்த ஊர்க்காரன் தன் சொத்து விவரத்தைச் சொல்லுவான், பெண்டாட்டியிடம் வாங்கின அடியைக்கூடச் சொல்லுவான், உள்ளான் இறங்கும் இடத்தை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டான். துல்லியோவின் அப்பா சாகக் கிடந்தபோது, எண்ணெய் பூச வந்த பாதிரியாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் மகன் காதில் தன் இடத்தைச் சொன்னார். இடிந்த மாவு ஆலைக்குக் கீழே, ஓடை வளைகிற இடம். அந்த இடத்துக்குத்தான் இப்போது நெல்லோவின் சுருட்டும், குதிகால் தேய்ந்த அவன் இடது பூட்ஸின் தடமும் வந்திருக்கின்றன.

இடம் போனால் கூடத் தாங்கிக்கொள்வான். அவனுடைய பயமெல்லாம் நாயைப் பற்றித்தான். போன ஏப்ரலில் லாம்போ, பதினோரு வருடம் அவனோடு காடு சுற்றிய நாய், எவனோ வீசிய விஷ இறைச்சி உருண்டையைத் தின்றுவிட்டு அவன் மடியிலேயே நுரை தள்ளிச் செத்தது. முந்தின நாள் நெல்லோ வீட்டுக்கு வந்திருந்தான். புதைக்கும்போது நெல்லோ இவன் முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. துல்லியோ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனசுக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டான். பிரினாவையும் பறிகொடுத்தால் அப்புறம் அவனுக்குக் காடு என்ன, வீடு என்ன?

வீட்டிலும் எதுவோ சரியில்லை.

"இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று அன்று காலை எல்வீரா கேட்டாள்.

"ஏன், நீ வந்து சுடப்போறியா?"

"சும்மா கேட்டேன். கேட்டா குத்தமா?"

"முப்பது வருஷமா கேக்காதவளுக்கு இப்ப என்ன சும்மா?"

"எங்கயாவது போய்த் தொலை. இருட்டறதுக்குள்ள வந்து சேரு."

முந்தாநாள் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் அண்ணனும் தங்கையும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். இவன் தலையைக் கண்டதும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எல்வீரா வைக்கும் சாற்றில் உப்பே இல்லை. செப்டம்பரில் அதே கொட்டகையில் இவன் தலைசுற்றி விழுந்ததிலிருந்தே உப்புக்குப் பஞ்சம். அன்று வந்த வைத்தியர் இவனிடம் "வெறும் களைப்பு" என்று சொல்லிவிட்டு, எல்வீராவை மட்டும் வாசலில் நிறுத்தி வெகுநேரம் பேசினார். துல்லியோ ஜன்னல் வழியாகப் பார்த்தான். பார்த்து என்ன நினைத்தான் என்கிறீர்கள்? வைத்தியரும் வேட்டைக்காரர் ஆயிற்றே, இடத்தைக் கறக்கப் பார்க்கிறார் என்று நினைத்தான். அந்த ஊர்க்காரனுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

இப்போது மூன்று துண்டும் கையில். அவன் யோசித்தான். மணிதான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

உள்ளான் நாய்க்குக் கழுத்தில் மணி உண்டு. அடர்ந்த காட்டில் நாய் எங்கே ஓடுகிறது என்று மணி சொல்லும். பறவையின் வாசனை பட்டதும் நாய் சிலையாக நின்றுவிடும், மணியும் நின்றுவிடும். வேட்டைக்காரன் அந்த நிசப்தத்தை நோக்கிப் போவான். ஒவ்வொருவன் மணிக்கும் ஒரு குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது துல்லியோவின் நாய் என்று பள்ளத்தாக்கே சொல்லிவிடும்.

"கேளுடா இப்ப, எப்படிக் கேக்கறேன்னு பாக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து மணிக்குள் திணித்தான். ஆட்டிப் பார்த்தான், சத்தமே இல்லை. பிரினாவை அவிழ்த்துவிட்டான். அது ஆலைக்கு மேலே இருந்த புதர்க்காட்டுக்குள் பாய்ந்தது.

அரைமணி நேரம் ஆயிற்று. நாய் வரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோடை முழுவதும் நெடுங்கயிற்றில் கட்டி அவன் அதற்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். பறவை முன்னால் நின்றுவிட்டால் நின்றதுதான். சீட்டி அடித்தாலும் நகரக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் நகரக்கூடாது. தன் கை அதன் இடது விலாவில் இரண்டு தட்டுத் தட்டினால் மட்டும் நகரலாம். குட்டி கெட்டிக்காரி, அப்படியே பிடித்துக்கொண்டது. இப்போது எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது. எங்கே என்று சொல்ல வேண்டிய மணியின் வாயை அவனே அடைத்துவிட்டான். அட முட்டாளே!

மேலும் கீழும் ஏறி இறங்கித் தேடினான். கத்தினான். முள் கிழித்தது. நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போலிருந்தது, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், மறுபடி ஏறினான். விஷ உருண்டையும் லாம்போவின் வாய் நுரையுமே கண்முன் வந்தன. மலை நிழல் ஓடையில் விழ ஆரம்பித்துவிட்டது.

வேறு வழியில்லை. தன்னைத் தொடர்கிறவன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

"டேய் நெல்லோ! இங்கதான் இருக்கேன்னு தெரியும்! வெளிய வாடா!"

நாற்பது அடி தள்ளி ஒரு புதர் அசைந்தது. நெல்லோ மூச்சிரைக்க வந்தான். வாயில் சுருட்டு, கையில் ஊன்றுகோல்.

"மணி என்னாச்சு மாப்ளே? ஓடைகிட்ட உன்னைத் தவறவிட்டுட்டேன். பைத்தியக்காரன் மாதிரி தேடிட்டிருக்கேன்."

"ஒத்துக்கறான் பாரு! துப்பாக்கி எங்கடா? எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"கொண்டு வரலை."

"துப்பாக்கி இல்லாம காட்டுல என்ன, காளான் பொறுக்கறியா?"

நெல்லோ சுற்றுமுற்றும் பார்த்தான். "நாய் எங்க?" என்றான். துல்லியோ சொன்னதும், "மேல் மடுவுல பாத்தியா? வேருக்கடியில எப்பவும் ஒண்ணு கிடக்குமே," என்று நடக்க ஆரம்பித்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பன்னெண்டு வருஷமாத் தெரியும்."

"அப்புறம் ஏன் இங்க வந்து சுடலை?"

"உன் இடமாச்சே."

துல்லியோ நம்பவில்லை. ஆனாலும் பின்னால் போனான்.

பிரினா மடுவின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. வயிறு வரை தண்ணீர், ஓரத்தில் கண்ணாடிபோல் பனி. ஒரு முன்னங்கால் தூக்கியபடி, மூக்கு எதிர்க்கரை வேரை நோக்கியபடி. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது, தலை மட்டும் அசையவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறதோ, பாவம். உதடு நீலம் பாரித்துவிட்டது.

துல்லியோ துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரில் கால் வைத்தான். பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான் நெல்லோ.

"நீ இறங்காத!"

"விடுடா! என் நாய்!"

"இறங்காதன்னா இறங்காத. இந்தத் தண்ணில கால் வச்சா உன் இதயம் அங்கயே நின்னுடும். டாக்டர் சொல்லிட்டாரு, போதுமா?"

துல்லியோவின் கால் தண்ணீரிலிருந்து தானாக வெளியே வந்தது.

"என்ன சொன்னாரு?"

"பாதிதான் வேலை செய்யுதாம். உன்கிட்டச் சொன்னா நீ காட்டுக்கே போகாம வீட்டுல சுருண்டு படுத்துச் செத்துடுவியோன்னு எல்வீரா அழுதா. அவனைப் போக விடு, நான் பின்னாலயே போறேன்னேன்." நெல்லோ அதற்குள் இடுப்பளவுக்குத் தண்ணீரில் இறங்கியிருந்தான். நாயின் முதுகில் கை வைத்தான். பிரினா அசையவில்லை. தூக்கப் போனான். தொண்டைக்குள் உறுமியது. "சனியனே, வாயேன்! மாப்ளே, நகர மாட்டேங்குது!"

துல்லியோ தன் கையைப் பார்த்தான். அந்த இரண்டு தட்டுத்தான் நாயின் சாவி. அவனைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. லாம்போவைக் கொன்றவன் என்று ஏழு மாதமாகத் தான் தீர்ப்பெழுதி வைத்திருந்தவன் இடுப்பளவு பனித்தண்ணீரில் நின்று பல் தந்தியடித்துக்கொண்டிருந்தான்.

துல்லியோ தன் வலது கையுறையைக் கழற்றி வீசினான். "இதைப் போட்டுக்க, என் கைவாசனை இருக்கு. இடது விலா. ரெண்டு தட்டு. மெதுவா, மச்சான்."

நெல்லோ கையுறையை மாட்டிக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினான். பிரினாவின் உடம்பு தளர்ந்தது. வேருக்கடியிலிருந்து உள்ளான் படபடவென்று எழும்பி இரண்டு பேர் தலைக்கு மேலேயும் பறந்து போயிற்று. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கரையில் நாயைத் தேய்த்துத் தேய்த்துச் சூடு ஏற்றினார்கள். நெல்லோ சட்டைப் பையிலிருந்து சின்னப் பிராந்திக் குப்பி ஒன்றை எடுத்தான். கூடவே ஒரு மாத்திரைப் பொட்டலமும் வந்தது. அதை அவசரமாக உள்ளே தள்ளினான். துல்லியோ பார்த்துவிட்டான்.

"லாம்போவைப் புதைக்கறப்ப நீ ஏன் என் முகத்தைப் பாக்கலை?"

"அழுதுட்டிருந்தேன். நீ கிண்டல் பண்ணுவே." நெல்லோ நாயின் கழுத்தைத் துடைக்கும்போது மணி கையில் தட்டுப்பட்டது. விரலை விட்டுப் பாசியை வெளியே இழுத்தான். "எந்தக் கழுதை பண்ணின வேலை இது?"

"நான்தான்."

நெல்லோ பாசியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மணி நின்னா நானும் நிப்பேன். உன் காலடி கேக்கும். அதுவும் நின்னுபோச்சுன்னா நான் ஓடி வரணும். எல்வீரா அதுதான் சொல்லி அனுப்பினா. இன்னிக்கு ரெண்டும் கேக்கலை." பாசியைத் தண்ணீரில் விட்டெறிந்தான். திட்டினான். "நாய்க்கு எதுக்குடா மணி? உன் கழுத்துல கட்டணும்."

பிரினாவைத் தன் கோட்டில் சுருட்டி நெல்லோ தூக்கிக்கொண்டான். துல்லியோ மணியை எடுத்துத் தன் இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். ஏறுபாதையில் அது கிண்கிணி என்று அடித்துக்கொண்டே போயிற்று. பின்னால் நெல்லோவின் தேய்ந்த பூட்ஸ் சத்தம் விட்டு விட்டு வந்தது.

ஒரு வளைவு தாண்டியதும் துல்லியோ நின்றான். மணியைக் கையால் இறுக மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்தான்.

ஒரு நொடிகூட ஆகியிருக்காது. கல் உருள, கிளை முறிய, நாயையும் சுமந்துகொண்டு நெல்லோ ஓடி வந்தான். "மாப்ளே! மாப்ளே, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல," என்றான் துல்லியோ. "சும்மா சோதிச்சுப் பாத்தேன்."

வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினான் நெல்லோ. துல்லியோ மணியிலிருந்து கையை எடுத்துவிட்டு, மெதுவாக நடக்க ஆரம்பித்தான்.